நானூற்றுப் பதினேழின் விளிம்பு

வணக்கம் கூறுவதற்கு முன் ஐந்து திகதிகளை வாசிப்பதற்குத் தலைவரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். வாசிக்கிறேன்.

1. 2024 ஏப்ரல் 22. மலைநாட்டு மரபுரிமைக் கண்காட்சிச் செயலகம், ஹட்டன் நகரில் பழைய பித்தளைக் கடை நடத்திய நஸார் நானாவிடமிருந்து இருபத்து மூன்று வெண்கலப் போர்ப் பதக்கங்களைக் கண்காட்சிக்கென இரவல் பெற்றது. “ஒவ்வொன்றின் விளிம்பிலும் இலக்கம் தெளிவாக உள்ளது. முன்புறம், பின்புறம், விளிம்பு என மூன்று புகைப்படங்கள் எடுக்கப்பட்டன” என்று பற்றுச்சீட்டில் எழுதிக் கையொப்பமிட்டது.

2. 2024 ஜூன் 5. பிரதம விருந்தினர் வருவதற்கு இரண்டு நாட்கள் இருக்கையில், பதக்கங்கள் மங்கலாகத் தெரிவதாக ஒருவர் கருதினார். அவர் யாரென்று இன்றுவரை எமக்குச் சொல்லப்படவில்லை. பதக்கங்கள் ஒரு பட்டறைக்கு அனுப்பப்பட்டு, பொலிஷ் சக்கரத்தில் தேய்க்கப்பட்டன. உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை.

3. 2024 ஜூலை 19. இருபத்து மூன்றும் நீலத் துணி விரித்த பெட்டியில் திரும்பி வந்தன. ஒன்றின் விளிம்பிலும் இலக்கம் இல்லை. கூட வந்த கடிதம், “மேம்படுத்தப்பட்ட நிலையில் ஒப்படைக்கப்படுகின்றன” என்றது.

4. 2024 ஆகஸ்ட் 2 முதல் 2025 ஜூலை 28 வரை. ஆறு கடிதங்கள், ஆறும் பதிவுத் தபாலில். ஆறையும் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் உண்டு. ஒன்றுக்கும் பதில் இல்லை.

5. 2025 செப்டம்பர் 9. எழுபத்தொரு வயதான நஸார் நானா பஸ்ஸேறி அந்தச் செயலகத்துக்கு நேரில் சென்றார். காலை ஒன்பதரை முதல் மாலை மூன்றே முக்கால் வரை ஒரு வாங்கில் இருத்தி வைக்கப்பட்டார். பணிப்பாளர் கூட்டத்தில் இருப்பதாக மூன்று முறை சொல்லப்பட்டது. திரும்பி வருகையில், கினிகத்தேனையைத் தாண்டுமுன், பஸ்ஸின் ஜன்னலோர ஆசனத்தில் அவருடைய உயிர் பிரிந்தது.

இனி முறைப்படி தொடங்குகிறேன்.

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பள்ளிவாசல் நிர்வாகத்தினரே, ஆலய பரிபாலன சபையினரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நானாவின் மகள் ரிஃப்னா அவர்களே, வலப்பனையிலிருந்தும் பிற தோட்டங்களிலிருந்தும் தமக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளை இந்த மண்டபத்துக்குத் தந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! அனைவருக்கும் என் வணக்கமும் ஸலாமும். என் பெயர் கணேசமூர்த்தி. ஆசிரிய மாணவர்களுக்கு வரலாறு கற்பிப்பவன். மர்ஹூம் நஸார் நானா அவர்களோடு இருபத்திரண்டு ஆண்டுகள் இந்தப் பணியில் கூட நின்றவன்.

மருத்துவர் மாரடைப்பு என்று எழுதினார். மருத்துவரோடு எனக்கு வழக்கு எதுவும் இல்லை.

அந்தப் பதக்கங்கள் எவை என்று அறியாதவர்கள் இங்கே இருக்கலாம். சொல்கிறேன். முதலாம் உலகப் போரின்போது நம்முடைய தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து இருபத்து மூன்று ஆண்கள் தொழிற்படைக்கு எடுக்கப்பட்டுப் பஸ்ராவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அங்கே அவர்கள் பாதை வெட்டினார்கள், சுமை இறக்கினார்கள், பிணமும் புதைத்தார்கள். போர் முடிந்தபின் ஆளுக்கொரு பதக்கம் வந்தது. வெள்ளைக்காரத் துரைமாருக்கு வெள்ளி, இவர்களுக்கு வெண்கலம். துரைமாரின் பதக்க விளிம்பில் பெயரும் பதவியும் வெட்டப்பட்டிருந்தன. இவர்களுடையதில் படையின் பெயரும் ஓர் இலக்கமும் மட்டுமே. பெயர் எழுதப்படவில்லை. பெயர்ப் பதிவேடோ எங்கும் கிடைக்கவில்லை.

தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில் செக்ரோல் இலக்கம். படையில் பதக்க இலக்கம். இந்த மனிதர்களைப் பெயர் சொல்லி அழைப்பதற்கு எந்தக் காரியாலயத்துக்குத்தான் மனம் வந்தது?

ஒரு பித்தளை வியாபாரிக்கு வந்தது! 1998ஆம் ஆண்டு, ஓட்டைச் செம்புகளோடும் உடைந்த குத்துவிளக்குகளோடும் ஒரு சாக்கில் கிடந்த வெண்கல வட்டம் ஒன்றை அவர் உருக்க மறுத்தார். அதன் இலக்கம் 418. கடிகாரம் பழுதுபார்க்கும் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ஒரு மாலை முழுதும் அதைப் பார்த்திருந்ததாக என்னிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, அந்தச் சாக்கு வந்த லயத்தை, தோட்டத்து வரிசை வீடுகளை, தேடிப் போனார். அன்று தொடங்கிய நடை அது.

2003இல் நான் முதன்முதலாக அவருடைய கடைக்குச் சென்றேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு கைத்தராசு வாங்கத்தான் சென்றேன். நான் வரலாறு படித்தவன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு பதக்கத்தை என் கையில் வைத்தார்.

“சேர் படிச்ச ஆள். இதில பேர் எங்க ஈக்கிது, பாத்துச் சொல்லுங்க.”

“பெயர் இல்லை நானா. இலக்கம் மட்டும்தான்.”

“அப்ப தொரைட மெடல்ல பேர் ஈக்கிதே?”

“அது துரையுடையது.”

“இது?”

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் வரலாறு படித்தவன். தராசு வாங்காமல் திரும்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் போனேன்.

பதக்கங்கள் எங்கெங்கே கிடந்தன தெரியுமா? ஒன்று குழந்தையின் அரைஞாணில் தொங்கியது. ஒன்று வலப்பனையில் ஒரு கதவின் தாழ்ப்பாளுக்கு அடியில் ஆணியடிக்கப்பட்டிருந்தது. ஒன்று, நாடு திரும்ப வேண்டும் என்று இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட குடும்பத்தோடு கோத்தகிரிக்குப் போய், நானா எழுதிய பதினோராவது கடிதத்துக்குப் பிறகு தபாலில் வந்தது. லயத்து வாசலில் அவரைக் கண்டால், “மெடல் நானா வந்துட்டாரு, பித்தளைய ஒளிச்சு வைங்க!” என்று பெண்கள் சிரிப்பார்கள். அவரும், “ஒளிச்சு வைங்க, ஒளிச்சு வைங்க. ஆனா வெளக்கிப் போட்ராதீங்க” என்பார்.

ஏன் அப்படிச் சொன்னார்? இதோ நான்காம் வரிசையில் அமர்ந்திருக்கும் வேலாயி அம்மாவைக் கேளுங்கள். எழுபத்தெட்டு வயது. அவருடைய தாத்தா பஸ்ராவிலிருந்து திரும்பவில்லை. பதக்கம் மட்டும் கங்காணியின் கையில் வந்து சேர்ந்தது. அந்த வீட்டில் அது சாமிப் படத்தடியில் இருந்தது. ஆண்டுதோறும் கார்த்திகைக்கு முன், விளக்குகளோடு சேர்த்து அதையும் புளியும் சாம்பலும் போட்டு விளக்குவது வழக்கம். பக்தியில் விளக்கினார்கள். நம்மவர்கள் எல்லோரும் செய்த பிழை அது. சாமி இடத்தில் இருப்பதெல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். அந்தப் பளிச்சில் இலக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் என்று யாருக்குத் தெரியும்? நானா அதைக் கண்ட அன்று நானும் கூட இருந்தேன்.

“அம்மா, புளி போடாதீங்க. அல்லாவுக்காகக் கேக்குறன்.”

“பளபளன்னு இருந்தாத்தானே நானா, சாமி கண்ணுக்குத் தெரியும்?”

“உங்கட சாமிக்குக் கண் நல்லாத்தான் தெரியும். எனக்குத்தான் தெரியிதில்ல. முகத்த வெளக்குங்க, வேணாங்கல்ல. விளிம்ப மட்டும் எனக்கு விட்ருங்க.”

வேலாயி அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அன்றோடு விளிம்பை விட்டுவிட்டார். நானா கண்ணாடியை இடுக்கி, சாய்வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மெல்லப் படித்தார். நான்கு. ஒன்று. ஏழு.

பதக்கங்கள் சேர்ந்தன. 401 முதல் 423 வரை, ஒன்றும் விடாமல் இருபத்து மூன்று இலக்கங்கள்! ஆனால் பெயர்கள்? பதக்கம் கைமாறிக் கைமாறி வந்திருந்தது. எந்த இலக்கம் எந்த மனிதர் என்பதைப் பெரும்பாலான குடும்பங்கள் அறியவில்லை. அது 2016இல் தெரியவந்தது, ஒரு மணியின் வழியாக.

அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயில் மணியில் கீறல் விழுந்தது. பூசாரி வீரய்யா அதை இறக்கி, ஒட்டித் தரும்படி நானாவின் கடைக்குக் கொண்டுவந்தார். நூறாண்டுக் காலம் உயரத்தில் தொங்கிய மணியின் உட்புறத்தை எவரும் பார்த்ததில்லை. நானா கவிழ்த்துப் பார்த்தார். உள்விளிம்பில் வரிசையாகப் பெயர்கள். எண்ணினார். இருபத்து மூன்று. படைக்குப் புறப்படுமுன் அவர்கள் கூடிச் செய்துகொடுத்த மணி அது! அதிகாலையில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்களத்தில் நின்ற வரிசையில் கங்காணி பெயர் சொன்னார். அதே வரிசையில் படை எழுத்தர் இலக்கம் போட்டார். அதே வரிசையில் மணியிலும் பெயர்கள் வெட்டப்பட்டன. இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார் நானா. ஊகம் போதாது, சான்று வேண்டும் என்றேன் நான். அழகுமுத்து என்பவரின் பேரன் வீட்டுத் தகரப் பெட்டியில் படையிலிருந்து விடுவித்த சீட்டு ஒன்று இருந்தது. அதில் பெயரும் இருந்தது, இலக்கமும் இருந்தது. இலக்கம் 409. மணியில் ஒன்பதாவது பெயர் அழகுமுத்து.

நானா மணியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பதினேழாவது பெயரை வாசித்தார். ஒச்சப்பன். வேலாயி அம்மாவின் தாத்தா.

மணியில் பெயர் இருந்தது, இலக்கம் இல்லை. பதக்கத்தில் இலக்கம் இருந்தது, பெயர் இல்லை. இரண்டையும் இணைத்தவர் பல்கலைக்கழகத்தவர் அல்லர், தொல்பொருள் அதிகாரி அல்லர். எட்டாம் வகுப்போடு கடையில் உட்கார்ந்த நஸார் நானா!

இதில் பெருமைப்படுவதற்காக நான் இங்கே வரவில்லை. இனித்தான் சொல்ல வேண்டியது இருக்கிறது.

வெளிநாட்டிலுள்ள போர் நினைவுப் பதிவகம் ஒன்று, விடுபட்ட தொழிற்படையினரின் பெயர்களைத் தன் பதிவேட்டில் சேர்க்க முன்வந்தது. நிபந்தனை இரண்டில் ஒன்று: இலக்கம் தெரியும் மூலப் பதக்கம்; அல்லது அரச நிறுவனம் ஒன்று எடுத்து உறுதிப்படுத்திய புகைப்படம். இறுதித் திகதி இவ்வாண்டு நவம்பர் 30. வேலாயி அம்மா கேட்டது இவ்வளவுதான்: “தாத்தாவுக்குக் குழியும் இல்ல, கல்லும் இல்ல. எங்கயாச்சும் ஒரு எடத்துல பேரு இருந்தாப் போதும் சார்.”

இங்கே ஆறாவது திகதி ஒன்று இருக்கிறது. அதை நான் முதலில் வாசிக்கவில்லை. 2024 ஏப்ரல் 20. செயலகம் இரவல் கேட்டபோது நானா மறுத்தார். “கடையில ஈக்கட்டும் சேர். அதுதான் பத்திரம்.” நான் சொன்னேன்: “நானா, பித்தளைக் கடையில் இருக்கும்வரை உலகம் அதைப் பித்தளை என்றுதான் சொல்லும். அரச நிறுவனத்தின் புகைப்படம் கிடைத்தால், பதக்கத்தைக் கடல்கடந்து அனுப்பாமலே பதிவகம் ஏற்கும்.” இரண்டு நாள் வற்புறுத்தினேன். அவர் நம்பியது செயலகத்தையல்ல, என்னை. வேலாயி அம்மா நம்பியது அவரை. அந்தப் பற்றுச்சீட்டில் சாட்சியாகக் கையொப்பமிட்டவன் நான். கையொப்பம் இன்னும் மங்காமல் இருக்கிறது. அதை மட்டும் எவரும் மேம்படுத்தவில்லை.

பெட்டி திரும்பி வந்த அன்று நானா கண்ணாடியை இடுக்கி, இருபத்து மூன்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பினார். சாய்வெயிலில் பார்த்தார். டோர்ச் அடித்துப் பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “சேர், இதில எது ஒச்சப்பன்?” என்று கேட்டார். எல்லாம் ஒன்றுபோல் மின்னின. ஒருவரைக்கூட எங்களால் அடையாளம் சொல்ல முடியவில்லை.

அவர் எழுதிய ஆறு கடிதங்களும் என்ன கேட்டன? இழப்பீடா? இல்லை. மன்னிப்பா? அதுவும் இல்லை. அவர்களே எடுத்ததாக அவர்களே எழுதிக்கொடுத்த அறுபத்தொன்பது புகைப்படங்களைக் கேட்டன. ஒரு கோப்பைத் திறந்து ஓர் உறையில் போடும் வேலை. பதினான்கு மாதங்களாக அந்தக் கோப்பைத் திறக்க ஒரு கை இல்லாத செயலகம் எதற்கு? மரபுரிமை என்று பெயர்ப்பலகை எதற்கு?

ஜனாஸா வீட்டில் வேலாயி அம்மா என்னைத் தனியே அழைத்தார். அழவில்லை. “அம்பது வருசம் நான் புளி போட்டுத் தேச்சேன் சார். நம்பரு போகல. படிச்சவங்க ஒரே நாள்ல போக்கிட்டாங்க” என்றார். அந்தப் படித்தவர்களில் என்னையும் சேர்த்துத்தான் சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

இரங்கல் கூட்டத்தின் முடிவில், மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறுவது மரபு. எதைத் தொடர்வது? தேட இனிப் பதக்கம் இல்லை. இருப்பவற்றில் படிக்க எழுத்து இல்லை. நானாவின் கண் இல்லை. எஞ்சியிருப்பது ஒரு கடிதம் எழுதும் வேலை. ஏழாவது கடிதம். அதை எழுதிவிட்டேன். பதில் வரும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் அவர் ஆறு முறை செய்ததை ஏழாவது முறை செய்யாமல் விட எனக்கு உரிமை இல்லை. உறுதி என்று கேட்டால், என்னிடம் உள்ள உறுதி இவ்வளவே.

இன்று காலை அச்செயலகத்திலிருந்து இந்த மண்டபத்துக்கு ஒரு மலர்வளையம் வந்தது. மலர்வளையம் வைக்கும் வழக்கமே இல்லாத ஒரு முஸ்லிம் மனிதரின் மறைவுக்கு மலர்வளையம்! பதினான்கு மாதங்களில் ஒரு வரி எழுத முடியாதவர்களால் பத்தொன்பது நாட்களில் பூ அனுப்ப முடிந்திருக்கிறது. நாளை திங்கட்கிழமை அது பதிவுத் தபாலில் திரும்பிச் செல்லும், ஏழாவது கடிதத்தோடு. பொதியின் மேல் எழுதியிருக்கிறேன்: “பெற்ற நிலையிலேயே ஒப்படைக்கப்படுகிறது.”

கடிதம் கேட்பது மூன்று. அறுபத்தொன்பது புகைப்படங்களும், அவை உண்மையானவை என்ற கையொப்பமும். புகைப்படங்கள் இல்லையென்றால், இல்லை என்ற ஒப்புதல். 2024 ஜூன் 5 அன்று பொலிஷ் சக்கரத்துக்கு ஆணையிட்டவரின் பெயர். பதவி வேண்டாம், கோப்பு இலக்கம் வேண்டாம். பெயர்.

பதில் எழுத்தில் வர வேண்டும். மும்மொழியில் எந்த மொழியிலும் வரலாம். 2025 ஒக்டோபர் 17, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு முன் வர வேண்டும். விலாசம் மாறவில்லை: நஸார், பழைய பித்தளைக் கடை, ஹட்டன். அன்று கடையைத் திறந்து வைப்பதாக ரிஃப்னா சொல்லியிருக்கிறார். வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கப்போவது நானல்ல. ஒச்சப்பனின் பேத்தி வேலாயி.