மஞ்சள் பட்டன்

— இந்த வெப்சைட்டை யாரு பண்ணினது அண்ணி? வெளியாள் யாரையாவது பிடிச்சீங்களா?

— நான்தான் தம்பி. நோயாளி நாற்காலியில உக்காராதீங்க, இப்பதான் துடைச்சு வெச்சேன். அந்த ஸ்டூலை இழுத்துக்குங்க.

— நீங்களா? பல்லு பிடுங்குற கையாலயா?

— அதே கைதான். படத்தைப் பிடிச்சு இங்க விடு, எழுத்தைப் பிடிச்சு அங்க விடுன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கில்ல, அதுல. காலையில கிளினிக்கைத் திறந்ததும் ஆரம்பிச்சேன். முதல் ஆள் வர்றதுக்குள்ள முடிஞ்சுது.

— சுத்தம். நாலு மாசமா வரிவரியா நான் கையால எழுதிக் குடுத்த வெப்சைட்டைத் தூக்கிப் போட்டுட்டு, சின்னப் பிள்ளைங்க ஸ்டிக்கர் ஒட்டுற மாதிரி ஒட்டி வெச்சிருக்கீங்க.

— நோயாளி பாக்குற நேரம் மாறிடுச்சு, அதை மாத்துங்கன்னு சொல்லி மூணு வாரம் ஆச்சு. வர்றவங்க பூட்டின கதவை ஆட்டிப் பாத்துட்டுப் போறாங்க.

— ஒரு வரிதானே. மாத்தியிருப்பேன்.

— இருக்கட்டும்.

— என்ன இருக்கட்டும்? போன்ல திறந்து பாத்தீங்களா? உங்க போட்டோல மேல பாதி காணோம். மூக்குக்குக் கீழ மட்டும்தான் டாக்டர் இருக்காங்க.

— வாய் தெரியுதில்ல. பல் டாக்டருக்கு அது போதும்.

— சிரிச்சுக்கிட்டு நிக்குதே இந்தக் குடும்பம், இது யாரு? நேத்து ஒரு நாய்த் தீனிக் கம்பெனி வெப்சைட்லயும் இவங்கதான் நின்னு சிரிச்சாங்க. பக்கம் திறக்குறதுக்குள்ள வந்தவன் பல்லு தானா விழுந்துடும். அட, அந்த மஞ்சள் பட்டன் வேற அப்படியே இருக்கு.

— எனக்கு அந்த மஞ்சள் பிடிக்கும். உங்களுக்குத்தான் ஆரம்பத்துலேருந்தே ஆகல.

— எனக்கு எதுக்கு வம்பு. வெளிப்பூச்சை விடுங்க, உள்ள பாருங்க. ரைட் கிளிக் பண்ணி சோர்ஸை, அதான் பின்னாடி இருக்கிற எழுத்தை, திறக்கறேன். ஐயோ, இந்தக் கண்றாவியைப் பாருங்க. டப்பாக்குள்ள டப்பா, அதுக்குள்ள இன்னொரு டப்பா. ஒரு பட்டனுக்குப் பதினேழு டப்பா. மனுஷன் எழுதுவானா இதை?

— மனுஷன் எங்க எழுதினான். சாஃப்ட்வேர் எழுதிச்சு.

— அதைத்தான் சொல்றேன். என்னோடதைத் திறந்தா லெட்டர் மாதிரி படிச்சுட்டே போகலாம். எது எதுக்குன்னு நடுநடுவுல குறிப்பு வேற எழுதியிருப்பேன். வெப்சைட்டைப் பாக்கறவங்களுக்கு அது தெரியாது, சோர்ஸைத் திறந்தாத்தான் தெரியும்.

— உங்களுக்கு நீங்களே எழுதி வெச்சுக்கிறது.

— ஆமா. கடுப்பா இருந்தா ரெண்டு வார்த்தை கூடவும் எழுதுவேன். எவன் பாக்கப் போறான்.

— ம்.

— இந்தக் குப்பையை முதல்ல எடுங்க அண்ணி, கெஞ்சிக் கேக்கறேன். பல் டாக்டருங்க சங்கத்துல பதினாலு கிளினிக்குக்கும் வெப்சைட் பண்ணப் போறாங்க. உங்களோடதைப் பாத்துத்தான் என்னைக் கூப்பிடணும். இதைப் பாத்தா என் மானம் கப்பலேறிடும். அந்த வேலையை நம்பி ஆபீஸ்ல ராஜினாமா எழுதிக் குடுத்துட்டேன்.

— குடுத்துட்டீங்களா? எப்ப?

— போன வாரம். நேத்து சங்கக் கூட்டத்துல எனக்காகப் பேசுறேன்னு சொன்னீங்களே. பேசினீங்களா, இல்லையா?

— பேசினேன் தம்பி. என் வீட்டுக்காரரோட தம்பி, இழுத்து ஒட்டுற வேலையெல்லாம் அவருக்கு ஆகாது, ஒவ்வொரு எழுத்தும் அவர் கையால அடிச்சதுன்னு சொன்னேன்.

— அப்புறம் என்ன? அதுக்கு மேல என்ன வேணுமாம்?

— கையால எழுதினா அப்படி என்ன வித்தியாசம்னு கேட்டாங்க. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே ரைட் கிளிக் பண்ணி, பெரிய திரையில உங்க சோர்ஸைத் திறந்து காட்டினேன்.

— அண்ணி. எது வரைக்கும் காட்டினீங்க?

— மஞ்சள் பட்டன் வரைக்கும். ‘இந்த நிறம் அண்ணி கேட்டது. அவங்களை யாராவது கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க’ன்னு சங்கத் தலைவர் சத்தமா வாசிச்சாரு. அவர் வாசிச்சு முடிக்கிற வரைக்கும் நான் உங்களை நினைச்சுப் பெருமையா சிரிச்சுக்கிட்டு நின்னேன்.