சம்பந்தி வீட்டுப் பசு

…துப்பிட்டார்ங்க! மாப்பிள்ளை வீட்டுல குடுத்த பாலை! உக்காருங்க, உக்காருங்க. புதுசா பக்கத்து வீட்டுக்குக் குடி வந்திருக்கீங்க, எங்க வீட்டுக்காரரப் பத்தித் தெரிஞ்சுக்க வேணாமா? யுனிவர்சிட்டியில பால் அறிவியல் பேராசிரியர். காலமெல்லாம் பாலை வாயில ஊத்தி, கொப்பளிச்சு, துப்பி, மார்க் போட்ட மனுஷன். அந்தப் பழக்கம் லேசுல விடுமா? பொண்ணுக்குப் பாத்த பையன் வீட்டுக்கு மொத மொதலா போறோம். பையனோட அம்மா ஆசையா, அவங்க வீட்டுப் பசும்பாலக் காய்ச்சிக் கொண்டாந்து குடுக்கறாங்க. இவர் ஒரு வாய் உறிஞ்சினார், கண்ண மூடினார், எழுந்து போய் ஜன்னல் வழியா… சே! "கறக்கறதுக்கு முன்னாடி மாட்டுக்கு வெங்காயத்தாள் போட்டீங்களா?"ன்னு கேள்வி வேற! அந்தம்மா மூஞ்சி செத்துப் போச்சு. என் பொண்ணுக்குப் பையன ரொம்பப் பிடிச்சிருந்துச்சுங்க, பாவம்.

இவருக்கு வர்ற கடுதாசி இருக்கே… அய்யய்யோ! வெண்ணெய் திரளலன்னு ஒருத்தி, தயிர் நூலா இழுக்குதுன்னு ஒருத்தர். எல்லாருக்கும் நாலு பக்கம் பதில்! டீன் பதவி தேடி வந்துச்சு. "வேணாம், கடுதாசிக்குப் பதில் போட நேரம் இருக்காது"ன்னுட்டார். எவனாவது வேணாம்பானா? எனக்கு எழுதினாரா ஒரு வரி? அம்மா வீட்டுல இருந்தப்போ ஒண்ணு வந்துச்சு, கொழந்தைக்கு இப்பவே பசும்பால் குடுத்துடாதேன்னு. அவ்ளோதான்!

என்ன சொல்ல வந்தேன்… ஆங், பையனோட அம்மா. மறுநாளே அவங்களுக்கு எழுதறேன்னு பேனாவும் கையுமா உக்காந்துட்டார். நான் பத்ரகாளி ஆயிட்டேன். "மொதல்ல மன்னிப்புக் கேளுங்க. மாட்டப் பத்தி என்ன வேணா எழுதித் தொலைங்க. கல்யாணப் பேச்ச மட்டும் எடுக்கவே கூடாது, கெடுத்துருவீங்க, அத நான் பாத்துக்கறேன்!"னேன். கறந்தப்பறம் தீவனம் போடுங்கன்னு எழுதினார். பால்ல வெங்காய வாசனை போயிடுச்சுன்னு அந்தம்மா பதில் போட்டாங்க! அப்பறம் மடி வீக்கம், கன்னுக்குட்டிக்குக் கழிச்சல்… வாரா வாரம் கடுதாசி. மனுஷனுக்கு ஒரே குஷி. நானும் அப்பாடான்னு, அவங்களே நாள் பாத்துக் கேப்பாங்கன்னு சும்மா இருந்துட்டேன்.

இன்னிக்கு வந்துச்சு பாருங்க! பசுவப் பத்தி ஒரு பக்கம். கடைசில, "இத்தன மாசமா கல்யாணத்தப் பத்தி நீங்க ஒரு வார்த்தை எழுதல. எங்க பையனப் பிடிக்கலன்னா சொல்லிடுங்க, வேற எடம் பாக்கறோம்"னு! பொண்ணு அழுதுகிட்டே கதவச் சாத்திக்கிட்டா. இவரப் பிடிச்சு உலுக்கினா, "நீதானே எழுதக் கூடாதுன்னே?"ங்கறார்! பச்சப் புள்ளையாட்டம்!

ஆமாங்க… நாந்தான் சொன்னேன். இப்ப நாந்தான் பேசியாகணும். அட, எங்க எழுந்திரிக்கறீங்க? பக்கத்துல ஆள் இருந்தா எனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும். பயமா இருக்குங்க, இதோ, அவங்களுக்குப் போன் போட்டுட்டேன்… இருங்க, அங்க மணி அடிக்குது… எடுத்துட்டாங்க!

ஹலோ… நாந்தாங்க, பொண்ணோட அம்மா… அது வந்து… வந்து… பசு எப்படி இருக்கு, சம்பந்தி?