பத்தொன்பதாயிரம் கிலோமீட்டர்

ஒழுங்காக ஓட்டினால் ஒரு காரின் கிளட்ச் எண்பதாயிரம் கிலோமீட்டர் வரும். இருபத்து மூன்று வருடங்களாக இதைச் சொல்லி வருகிறேன். கள்ளக்குறிச்சியில் என்னிடம் ஓட்டக் கற்றவர்கள் நாலாயிரம் பேராவது இருப்பார்கள். இன்ஸ்பெக்டர் மேடம், உங்கள் ஜீப்பை ஓட்டுகிறவரும் அவர்களில் ஒருவர். தனசேகரன் மாஸ்டர் எப்படி என்று அவரைக் கேளுங்கள்.

மேசை ஆடுகிறது, எழுத முடியவில்லை என்கிறீர்கள். ஒரு கால் குட்டையாக இருக்கும். நான் மெதுவாகவே சொல்கிறேன். நடந்ததை மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. மலையில் ஜீப் ஓட்டும் மாதன் சாட்சி சொன்னதில் ஒரு வரி தவறு. அதைத் திருத்தத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

பயிற்சிக் காரில், ஓட்டுகிறவருக்கு இருப்பதுபோலவே பக்கத்தில் உட்காரும் எனக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. கற்பவர் தடுமாறினால் நான் மிதித்துவிடுவேன். அதற்காகக் காலை ஆறு மணியிலிருந்து இருட்டும்வரை என் கால் தயாராக இருக்கும். நாலாயிரம் பேரில் ஒருவர் உடம்பிலும் கீறல் விழுந்ததில்லை.

புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கியரை மாற்றிய பிறகும் இடது காலைக் கிளட்ச்சிலிருந்து எடுக்கமாட்டார்கள். கேட்டால், "அழுத்தல மாஸ்டர், சும்மாதான் வெச்சிக்கினு இருக்கேன்" என்பார்கள். சும்மா வைப்பதுதான் கெடுக்கும். காலின் கனத்துக்கே உள்ளே இருக்கும் தட்டு பிடித்தும் பிடிக்காமலும் உரசும். சூடாகும். தேயும். நான் ஸ்கேலால் முழங்காலில் ஒரு தட்டு தட்டுவேன். கால் இறங்கிவிடும்.

மணிமொழி என் மனைவி. கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் ஆசிரியை. அவள் போய்வரத்தான் புதுக் கார் வாங்கினேன். ஓட்டக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான். வேலை நாட்களில் அவள் ஓட்டினாள். ஞாயிறு, விசேஷம், மழைநாள் எல்லாம் நான்.

பதினாலு மாதம் ஆகியிருந்தது. பத்தொன்பதாயிரம் கிலோமீட்டர். ஏற்றத்தில் இன்ஜின் கத்தியது, வண்டி நகரவில்லை. கருகிய வாசனை வந்தது. சர்வீசுக்குக் கொண்டுபோனேன். அங்கே பொறுப்பில் இருந்த பிரவீன்குமாருக்கு லைசென்ஸ் வாங்கிக்கொடுத்தவனே நான். கழற்றிய தட்டை என் கையில் கொடுத்தான். முகம் பார்க்கலாம் போல வழவழவென்று இருந்தது.

"வாரன்டியில வராதுங்க மாஸ்டர். கம்பெனி மேல தப்பு இல்ல. ஓட்றவங்க காலு கிளட்ச் மேலயே இருந்துகினு இருக்குது. இருபத்தாறாயிரம் ஆவும்."

பக்கத்தில் நின்ற ஒருவன், "மாஸ்டர் வண்டிக்கேவா?" என்றான். நான்கைந்து பேர் சிரித்தார்கள். பிரவீன்குமாருக்குச் சங்கடமாகிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "வூட்ல மேடம் ஓட்றாங்களா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியில் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். கத்தவில்லை. உன் கால் கிளட்ச் மேலே இருக்கிறது, ஒத்துக்கொள் என்றேன். தப்பை ஒத்துக்கொள்பவனைத்தான் திருத்த முடியும். பயிற்சியில் அது முதல் பாடம்.

"நான் கால வெக்கறதே இல்லீங்க. ஸ்கேலால அடி வாங்கிக் கத்துக்கினவ நானு" என்றாள். பிறகு சிரித்தாள். "உங்க காலப் பாருங்க மொதல்ல. சாப்புடும்போதுகூட எத்தையாவது மிதிச்சிக்கினேதான் இருக்கீங்க."

அந்தச் சிரிப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். சர்வீஸில் சிரித்தவர்கள் யாரோ. இவள் என் வீட்டில், நான் போட்ட சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சிரித்தாள்.

புதுத் தட்டு போட்ட அன்றே சாவியை வாங்கிக்கொண்டேன். பயிற்சிப் பள்ளியை என் உதவியாளன் அஜித்திடம் விட்டுவிட்டு, தினமும் நானே அவளைக் கொண்டுபோய் விட்டேன். பள்ளி வாசலில் காரிலேயே உட்கார்ந்திருந்து சாயங்காலம் கூட்டிவந்தேன். ஐந்து மாதம். கச்சிராயபாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் தினமும் ஒருமுறை கேட்பேன். "ஒத்துக்கிறியா?" முதலில் பதில் சொன்னாள். பிறகு அழுதாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதில் சொல்லாததை ஒப்புதலாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அப்படி எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

அந்த ஐந்து மாதத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் பதினோரு நாள் ஓட்டினாள். மற்ற நாளெல்லாம் நான். புதுத் தட்டு போட்டு எட்டாயிரம் கிலோமீட்டரில் மறுபடி அந்த வாசனை வந்தது.

பதினோரு நாள், மேடம். பதினோரு நாளில் ஒரு புதுத் தட்டைத் தேய்த்துவிட்டாள். வேண்டுமென்றே செய்தாலொழிய அது முடியாது.

அன்று செவ்வாய்க்கிழமை காலை. மூன்றாவது கொண்டை ஊசி வளைவைத் திரும்பியதும் கார் நின்றது. இன்ஜின் கத்தியது, சக்கரம் சுற்றவில்லை. இன்ஜினை அணைத்தேன். முதல் கியரில் இருந்தது. பிரேக்கைக் காலால் பிடித்திருந்தேன். கை பிரேக்கை இழுக்கவில்லை.

மலைப்பாதையில் ஒரு வழக்கம் உண்டு. ஏற்றத்தில் வண்டி நின்றால், பக்கத்தில் இருப்பவர் இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். வளைவுகளில் அதற்கென்றே கற்கள் கிடக்கும். கிளம்பும்போது அடுத்தவருக்காக ஓரமாகப் போட்டுவிட்டுப் போவார்கள். நான் சொல்லாமலே அவள் இறங்கினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் வந்தாள். கண்ணாடியில் பார்த்தேன்.

"பிரேக்க உட்றாதீங்க" என்றாள்.

"நீதான தேய்ச்ச? இப்பவாவது ஒத்துக்கோ."

கல்லோடு நிமிர்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஆறடியில் வளைவின் தடுப்புச் சுவர்.

"இன்னாங்க, இங்கயுமா? கல்ல வெச்சிர்றேன் இருங்க." அப்போதும் நிறுத்தவில்லை. "அஜித்தப் போயிக் கேளுங்க. டிரைவிங் ஸ்கூல் வண்டிக்கு வருசத்துக்கு ரெண்டு தட்டு மாத்தறான். உங்க காலாலதான் போவுதுன்னு அல்லாருக்கும் தெரியும். உங்ககிட்ட சொல்லத்தான் பயம்."

எல்லோருக்கும் தெரியுமாம்.

வலது காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தேன். வழுக்கவில்லை. தவறவில்லை. யோசித்து எடுத்தேன். கார் ஆயிரத்து நூறு கிலோ. மீதியை இறக்கம் பார்த்துக்கொண்டது. அவள் கையில் கல் இருந்தது. அதைச் சக்கரத்தடியில் போட்டிருக்கலாம். போடாமல் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரில் மோதும்வரை பார்த்தாள்.

இது கொலை. ஆமாம் என்று எழுதுங்கள். அதற்கு நான் வக்கீல் கேட்கப்போவதில்லை.

கீழேயிருந்து ஜீப்பில் வந்த மாதன்தான் என் பக்கத்துக் கதவைத் திறந்தான். அவன் சொன்னதை நீங்கள் படித்துக்காட்டினீர்கள். கார் கியரில் இருந்ததாம். என் இடது கால் கிளட்ச்சை மிதித்தபடியே இருந்ததாம். அதை எடுத்திருந்தால் கியரே காரைப் பிடித்திருக்குமாம். "சார், அந்தக் கால எடுங்க சார்" என்று மூன்று முறை கத்தினானாம். என் காலை அவன் கையால் தூக்கி வைத்தானாம்.

அந்த வரிதான் பொய். என் இடது கால் தரையில் இருந்தது. கியர் பிடிக்காததற்குக் காரணம் தேய்ந்துபோன தட்டு. தட்டைத் தேய்த்தது யார்? தட்டு நன்றாக இருந்திருந்தால், நான் பிரேக்கை விட்டபோதும் கார் நின்றிருக்கும். அவள் பிழைத்திருப்பாள். இதை அவளுடைய தம்பிகளுக்கும் சொல்லுங்கள்.

ஆயுள் தண்டனை என்றாலும் சரி. கொலையை ஒப்புக்கொள்கிறேன். கிளட்ச்சை ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த வரியை அடியுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஏன் பேனாவை வைத்துவிட்டீர்கள்? மேசை இன்னும் ஆடுகிறதா? குனிந்து பார்க்க வேண்டாம், மேடம். கீழே குறுக்குக்கட்டை மேல் இருப்பது என் இடது கால்தான். அழுத்தவில்லை. சும்மாதான் வைத்திருக்கிறேன்.