சித்திரை வாடைக்காற்று

— கைய வுடு, சின்னப்பொண்ணு. இன்னாத்துக்கு என்ன இப்டி தனியா இழுத்துகினு வர? எல்லாரும் அங்க படகாண்ட நிக்கிறாங்க.

— அவங்க காதுல வுழ வேணாம், அதான்க்கா. மாமாவ கடலுக்கு போவ வேணாம்னு சொல்லு.

— எந்த மாமாவ?

— உன் வூட்டுக்காரரத்தான். நீ சொன்னா கேப்பாரு. ஓடிப்போயி சொல்லுக்கா…

— ஏண்டி, உனக்கு புத்தி கித்தி பெரண்டுபோச்சா? கடல்ல மாட்டிகினவன் யாரு? உன் புருஷன். அவன தேட போறவரு யாரு? அவன் கூடப்பொறந்த அண்ணன். ஓரகத்தி நானே வாய மூடிகினு நிக்கிறேன், நீ வந்து தடுக்கிற?

— அலைய பாத்தியாக்கா? காலைல எண்ண ஊத்தினாப்புல இருந்துச்சி…

— நானுந்தான் பாத்தேன். கருவாடு காயவெக்க போனா மணல்ல கால் வெக்க முடியல, அவ்ளோ வெயிலு. வூட்டுக்கு போயி ஒரு வாய் சோறு துன்னுட்டு வரதுக்குள்ள கடல் கருத்துகினு வந்து வாடை அடிக்குது. சித்திரையில எவளாவது முந்தானைய போத்திகினு நின்னு பாத்துகிறியா? உனக்கு பல்லு வேற கிடுகிடுன்னு ஆடுது.

— குளுருல இல்லக்கா…

— தெரியுது, தெரியுது. பயப்படாத. மத்தவங்க எல்லாம் கரை சேந்துட்டாங்க. நம்ம செங்கல்வராயன் ஒருத்தன்தான் பாக்கி. கட்டுமரத்த கெட்டியா புடிச்சிகினு எங்கனா மெதந்துகினு இருப்பான். நீச்சல்ல அவன அடிச்சிக்க ஆளு…

— அக்கா, நான் சொல்றத…

— நீ இன்னா சொல்லப்போற? அவன் தெனமும் கடலுக்கு எறங்குற நெம்மேலிக்கு சைக்கிள்ல ஆளு அனுப்பி பாத்தாச்சு. அவன் கட்டுமரம் அந்தக் கரையில இல்லியாம். அப்ப கடல்லதான கீறான்? அண்ணனோட படகு இங்க இருக்க சொல்லோ, தனியா ஒரு மரத்த எடுத்துகினு நெம்மேலிக்கு இன்னாத்துக்கு போவணும்? உன் பேச்ச கேட்டுத்தான் அவன் பிரிஞ்சி போனான்னு குப்பமே பேசுது.

— பேசட்டும். நான் கெட்டவளாவே இருந்துட்டு போறேன். இப்ப மாமாவ நிறுத்து.

— இரு… இஞ்சின கயிறு போட்டு இழுக்கறாங்க.

— புடிச்சிடுச்சா?

— சத்தம் போடாத. காத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது… ஆங், புடிச்சிச்சி. இல்ல… நின்னுபோச்சு.

— இஞ்சின் ஸ்டார்ட் ஆவலியா?

— இருமுது, அணைஞ்சிடுது. நாலு பேரு மாத்தி மாத்தி இழுக்கறாங்க.

— அப்பாடா…

— இன்னாடி சொன்ன?

— ஒண்ணுமில்ல.

— அப்பாடான்ன. எனக்கு கேட்டுச்சி. புருஷன் உசுருக்கு தத்தளிச்சிகினு கீறான், தேடப்போற படகு கெளம்பலன்னதும் உனக்கு அப்பாடாவா? நீயெல்லாம்… அவன் திரும்பி வரக்கூடாதுன்னு நெனைக்கிறியா?

— வாய கழுவுக்கா.

— பின்ன இன்னா அர்த்தம் அதுக்கு? என் மூஞ்சிய பாத்து சொல்லு. அவன் செத்தாலும் பரவால்லியா உனக்கு?

— அவரு சாவ மாட்டாரு.

— கடலாண்ட எழுதி வாங்கிகினு வந்துட்டியா?

— அவரு கடல்ல இல்லக்கா.

— இன்னாடி ஒளர்ற?

— கடல்ல இல்ல. கேளம்பாக்கத்துல கீறாரு. அங்க ஒரு ஃப்ளாட்டுல வாட்ச்மேன். காக்கி சட்டை மாட்டிகினு கேட்டாண்ட ஒக்காந்துகினு இருப்பாரு இப்ப. பொங்கலு முடிஞ்சதுலேந்து அங்கதான் போறாரு.

— வெடியகாலைல வலைய தூக்கிகினு போறானே…

— நெம்மேலியில தெரிஞ்சவங்க வூட்டுல வலைய போட்டுட்டு பஸ் ஏறிடுவாரு.

— அப்ப கட்டுமரம்?

— வித்தாச்சு. ஈசிஆர் ரோட்டுல ஒரு ஓட்டல்காரன் புல்லு தரையில அழகுக்கு போட வாங்கிகினு போனான். பச்சையும் மஞ்சளுமா பெயிண்ட் அடிச்சி வெச்சிகிறான்.

— மீன் கொண்டாந்தானேடி. போன வாரங்கூட எனக்கு சங்கரா குடுத்தான்.

— மார்க்கெட்டுல வாங்கினதுக்கா அதெல்லாம்.

— அடப்பாவி… ஏண்டி இப்டி?

— போன மார்கழியில சுனாமி வந்த அன்னிக்கு நம்ம மாமியா அவரு கைலேந்துதானக்கா நழுவுனாங்க. அதுலேந்து காலு நனையுற தூரத்துக்கு கூட போவ மாட்டாரு. அலை கொஞ்சம் சத்தமா கேட்டா ராத்திரியில எழுந்து ஒக்காந்துக்குவாரு. கடலுக்கு பயந்து வாட்ச்மேன் வேலைக்கு போறேன்னு அண்ணனுக்கு தெரிஞ்சா தூக்குல தொங்கிடுவேன்னாரு. புள்ள தலையில என் கைய வெச்சி சத்தியம் வாங்கிகினாரு.

— எங்கிட்ட சொல்லக்கூடாதா? நான் இன்னா ஊரு பூரா தமுக்கு அடிச்சிடுவேனா?

— எப்டிக்கா சொல்லுவேன், புள்ள மேல சத்தியம் பண்ணிட்டு? காத்து திரும்பினதுலேந்து தொண்ட வரைக்கும் வருது, முழுங்கிகினு கீறேன். சத்தியத்த மீறிட்டேன், புள்ளைக்கு இன்னா ஆவுமோ. ஆனா இல்லாத ஆள தேடிகினு மாமா போயி செத்தாருன்னா, நான் உன் மூஞ்சில எப்டி முழிப்பேன்… அய்யோ, திரும்பவும் இழுக்கறாங்க. போக்கா. இன்னாக்கா மரமாட்டம் நிக்கிற? ஓடு.

— ஓட வேணாம்.

— இஞ்சின் புடிச்சிடும்க்கா…

— புடிக்காது.

— உனக்கு எப்டி தெரியும்?

— தம்பிய காணோம்னதும் அவரு ஆளுங்கள கூப்புட ஓடினாரு. படகாண்ட நான் ஒருத்திதான் நின்னுகினு இருந்தேன். டீசல் டேங்க தொறந்து ரெண்டு சொம்பு தண்ணிய ஊத்திட்டேன்… உன் புருஷன் அந்தக் கடல்லதான் கீறான்னு நெனச்சிகினுதான் ஊத்தினேன், சின்னப்பொண்ணு.