செல்வநாயகம் ஓவசியரின் சாம்பல்நிறப் பனை

தலைவர் கதிர்காமநாதன் அவர்களே, வாசிகசாலைக் குழுவினரே, நம் குடியேற்றத்திட்டத்துச் சனங்களே, வணக்கம்.

நம்முடைய நீர்ப்பாசன ஓவசியர் செல்வநாயகம் ஐயா போய்விட்டார். அவருடைய வேலிக்கு மறுபக்கம் இருந்தவள் என்று என்னைப் பேச விட்டிருக்கிறீர்கள். வாய்க்காலுக்கு அவர் செய்ததை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் அவருடைய பனையைப் பற்றிச் சொல்கிறேன். அதைப் பெயர்த்து வாசிகசாலை முன்னால் அவர் நினைவாக நடப்போகிறோம் என்று தலைவர் சற்றுமுன் சொன்னாரே, அதனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

கப்பலில் வேலைசெய்த அவருடைய மச்சான் எங்கோ ஒரு தேசத்திலிருந்து மூன்று கொட்டைகள் கொண்டுவந்து ஐயாவிடம் கொடுத்தார். என்ன பனை என்று மச்சானுக்கும் தெரியாது. முதலாவதை ஐயா பாத்தியில் புதைத்தார். தை மாதம் அதைக் கிண்டி அவித்தது யார்? அதோ, முன்வரிசைக் கதிரையில் இருக்கிற சிற்றம்பலம்.

"பனங்கிழங்கெண்டு நினைச்சன் அக்கா. வாயில வைக்கேலாத கயர்," என்று என்னிடமே வந்து சொன்னவர். நான் இன்னும் மறக்கவில்லை. ஐயாவோ கோபிக்கவேயில்லை.

"கிழங்கு எவ்வளவு ஆழத்துக்குப் போயிருந்தது, சிற்றம்பலம்?" என்றுதான் கேட்டார்.

இரண்டாவதைத் தகர வாளியில் முளைக்கவைத்து, ஓலை விட்டதும் நிலத்துக்கு மாற்றினார். வேர் அறுந்து பட்டுப்போயிற்று. இந்தப் பனைக்கு இடமாற்றம் ஆகாது என்று அப்போதுதான் கண்டார். மூன்றாவதை, அது நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றினார். பக்கத்தில் அடி உடைத்த மண்முட்டியொன்றை நிலத்தில் தாட்டு, அதற்குள் நீர் வார்த்தார். ஆழத்து வேருக்கு நேரே நீர் போகட்டும் என்று.

அந்த ஓலை விரிந்தபோது உங்களில் யார் அதைத் தொட்டுப் பார்க்காமல் போனீர்கள்? சாம்பல் பூசியது போல ஒரு நிறம். விரலால் தேய்த்தாலும் போகாது. முல்லைத்தீவு வியாபாரி மீராசாகிபு நானாவும் தேய்த்துப் பார்த்தார்.

"இது காய்க்குமா தம்பி?"

"தெரியாது நானா. அதைப் பாக்கத்தானே வளக்கிறன்."

"அப்ப அது காய்க்கிற வரைக்கும் நீங்களும் இருக்கணுமே."

இருக்கவில்லை. மரம் இருக்கிறது.

தலைவர் அவர்களே, அது நிற்பது ஓவசியருக்கென்று விட்ட அரசாங்க வளவு, அடுத்து வருகிறவர் வெட்டிவிடுவார் என்று பயப்படுகிறீர்கள். நியாயம். ஆனால் பெயர்த்தால் அதைக் கொல்வது நீங்கள்தான். மரம் தெருவேலியோடு ஒட்டித்தானே நிற்கிறது? வேலியைச் சற்று உள்ளே தள்ளினால் மரம் ஊருக்கு வந்துவிடும். புது ஓவசியர் கனகலிங்கம் தம்பியும் இங்கே இருக்கிறார். சம்மதமா தம்பி?

தலையை ஆட்டுகிறார். எல்லோரும் கண்டுகொண்டீர்கள்.

நாளைக் காலை வேலியைக் கிளப்ப அலவாங்குகளோடு வாருங்கள். முதல் வேலிக்கட்டையைத் தலைவரே பிடுங்கட்டும். முட்டிக்கு நீர் வார்ப்பது இனி என் பொறுப்பு.