கோட்டருகே உட்கார்ந்தவள்

பஸ் நல்லம்பள்ளியைத் தாண்டியதும் முன்சீட்டுக்காரர் மனைவியிடம், "கட்டுன புருஷனையே தோக்கடிச்ச பொம்பள இந்த ஜில்லாவுல நீ ஒருத்திதான்" என்றார். உடனே இதை எழுதிவிட வேண்டுமென்று எனக்குக் கை பரபரத்தது.

"நேத்து உங்க ஆபீஸ் டென்னிஸ் பைனல்ல கோடு பாக்க ஆளில்லைன்னு என்னை உக்கார வெச்சது நீங்கதானுங்களே?"

"உக்காரத்தான் சொன்னேன். கடைசிப் பாயிண்ட்ல அந்தப் புது குமாஸ்தா அடிச்ச பந்தை உள்ளேன்னு சொல்லச் சொன்னேனா?"

"கோட்டுல பட்டுச் சுண்ணாம்பு பறந்துச்சுங்க."

"நானும்தான் பாத்தேன்."

"அதுக்கு முன்னாடி ஷூ கயித்த அவுத்து அவுத்துக் கட்டுனீங்களே, எதுக்குங்க?"

"அவன் பதறட்டும்னுதான். அவன் எங்க பதறுனான்? நான்தான் பதறுனேன்."

அந்த அம்மா சிரித்தார். பிறகு குரல் இறங்கியது.

"காசுக்கு ஆடுறவங்க நடுவரோட மல்லுக்கு நிக்கறாங்கன்னு பேப்பர்ல படிச்சுக் காட்டுனீங்களே. எங்கிட்டயும் நிப்பீங்கன்னு பயந்துட்டனுங்க. இனிமே என்னைக் கூட்டிட்டுப் போக மாட்டீங்களா?"

அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"ஞாயித்துக்கெழம அவனை மறுபடி ஆடக் கூப்புட்டிருக்கேன். அதே எடத்துல உக்காரு. ஆனா சத்தமாச் சொல்லு. நேத்து நீ முணுமுணுத்ததுல ரெண்டு தரம் கேக்க வேண்டியதாப் போச்சு."