மடிப்பு கலையாத திரை

வெயில் நேராக விழும் ஜன்னலுக்குக் கருநீலத் திரை வேண்டாம் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். ஒரே கோடையில் வெளுத்துப் பல்லிளிக்கும். எதிர்க் கட்டடம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற அடுக்குமாடி வீடுகளுக்கு இரட்டைத் திரைதான் சரி. பகலுக்கு மெல்லியது, விளக்குப் போட்டபின் கனமானது. நீங்கள் கேட்டது இதையல்ல, தெரியும் ஐயா. ஆனால் விஷயம் திரையில்தான் தொடங்குகிறது.

எங்கள் வீட்டு ஜன்னல் வெகுகாலம் மொட்டையாகவே இருந்தது. எதிர்க் கட்டடத்தில் குடியிருக்கும் என் மனைவியின் அக்கா, "ஊருக்கெல்லாம் திரை மாட்டுற மாப்பிள்ளை வீட்டுல நடக்குறது மட்டும் படமாத் தெரியுது" என்று கேலி செய்வாள். அதற்குப் பிறகுதான் கனத்த துணியில் தைத்து மாட்டினேன்.

மனைவிக்கு இதயம் பலவீனம். அக்காவும் தங்கையும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். காலையில் திரை விலகினால் அவள் நலமாக எழுந்துவிட்டாள் என்று அர்த்தம். விலகாவிட்டால் அக்கா மாற்றுச்சாவியோடு ஓடிவருவாள். நான் விடியலிலேயே வேலைக்குக் கிளம்புகிறவன் என்பது அவர்கள் சொன்ன காரணம். கட்டின புருஷன் இருக்க, காவலுக்கு எதிர்வீடு.

அது நடந்த நாளுக்கு முந்தின இரவு சாப்பிடும்போது, குழம்பில் உப்புக் குறைவு என்பதுபோல, இனி அக்கா வீட்டிலேயே இருந்துகொள்வதாகச் சொன்னாள். சண்டையெல்லாம் இல்லை. "உங்ககூட இருந்தா மூச்சு முட்டுது" என்றாள், அவ்வளவுதான்.

காலையில் சமையலறை வாசலில், எதிர்வீட்டுக்குத் தெரியாத மறைவில் விழுந்து கிடந்தாள். நினைவு இருந்தது.

"அக்காவக் கூப்பிடுங்க."

டாக்டரை என்று சொல்லவில்லை. என் கையைப் பிடிக்கவும் இல்லை. நான் கூடத்துக்குப் போய்த் திரையை விலக்கினேன். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். அக்கா ஜன்னலைப் பார்த்திருக்கிறாள், நிம்மதியாகத் தன் வேலையைக் கவனித்திருக்கிறாள். சாயங்காலம் அவளுக்குச் செய்தி சொன்னதும் நான்தான்.

போன வாரம் வந்தவள், திரையைத் தடவியபடி வெகுநேரம் நின்றாள்.

"அவ என்னைக்கும் கோணலாத்தான் ஒதுக்குவா மாப்பிள்ளை. அன்னைக்கு மடிப்பு மடிப்பா அடுக்கி, நடுவுல கயிறு கட்டியிருந்துச்சு. இன்னைக்குத் தங்கச்சி சந்தோஷமா இருக்கான்னு நெனச்சேன்."

அவள் கவனித்தது சரிதான். மனைவி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், நான் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். தொழில் பழக்கம், கை கேட்காது. திரையைத் தொடாமல் போயிருந்தாலே அவள் பிழைத்திருப்பாள். அது தெரிந்துதான் தொட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்.

இருட்டில் போட்டுவிட்டுப் போனேன் என்று மட்டும் எழுதாதீர்கள் ஐயா. கடைசிவரை அவளுக்கு நல்ல வெளிச்சம் இருந்தது.